மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுவது ஏன்?



பள்ளிவாசல்துறை என்ற ஊர் நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. அது புத்தளம் மாவட்டத்தில், கல்பிட்டித் தீபகற்பத்தின் கடலோரத்தில் இருக்கிறது. மீன்பிடியும், மணல் தரையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் செய்யும் வெங்காயம், மிளகாய்ச் செய்கையும் அந்தப் பக்கத்துப் பிழைப்பு. வைகாசி தொடங்கி புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று ஓயாமல் அடித்து மணலை வாரிக்கொண்டு வரும். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் அதே தீபகற்பத்தில்தான் உண்டு. அதன் முதல் இயந்திரம் 2011இல் ஓடத் தொடங்கியது. காற்றுக் காலத்தில் நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறப்பதாக அக்கம்பக்கத்து மக்கள் பல வருடமாக முறையிட்டு வருகிறார்கள்.

அந்தப் பக்கம் வெங்காய வேலைக்குப் போய்வந்த நமது தோட்டத்து இளைஞர்கள் எம்மிடம் கேட்டார்கள்: “மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு மண்வெட்டி பிடிச்சா மூச்சு முட்டுது. கழட்டினா தூசி உள்ளுக்குப் போகுது. என்னதான் செய்றது?” இந்தக் கேள்வி நமது ஸ்டோரிலும், மருந்தடிக்கும் மலையிலும் உண்டு. ஆகவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 14 தடவை மூச்சு விடுகிறோம். ஒரு மூச்சுக்கு அரை லீற்றர் காற்று என்றால் நிமிடத்துக்கு 7 லீற்றர். கொழுந்து மூட்டையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறும்போது அது 40 லீற்றருக்கும் மேலே போகும். விளையாட்டுப் போட்டியில் முழு வேகத்தில் ஓடும் வாலிபனுக்கு 100 லீற்றர்கூடத் தேவைப்படும்.

இப்போது ஒரு துணியில் தண்ணீர் வடிகட்டுவதை நினைத்துப் பாருங்கள். மெதுவாக ஊற்றினால் சுகமாக இறங்கும். ஒரு வாளியை அப்படியே கவிழ்த்தால் தேங்கி நிற்கும். துணி அதேதான், ஊற்றுகிற அளவுதான் வேறு. மாஸ்க்கும் அப்படியே. உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. மேடு ஏறுபவருக்கு நெஞ்சுத் தசையும் வயிற்றுத் தசையும் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுவையைத்தான் நாம் மூச்சு முட்டுவதாக உணர்கிறோம்.

“மாஸ்க் போட்டா ஒக்சிசன் கொறைஞ்சு மயக்கம் வரும்” என்று கொரோனாக் காலத்தில் லயத்துக்கு லயம் பேசினார்கள். அது சரியல்ல. ஒக்சிசன் துகள் மாஸ்க்கின் துவாரத்தைவிட மிக மிகச் சிறியது, தாராளமாக உள்ளே போகும். 2020இல் கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள 14 பேரைக் களைத்துப் போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். துணி மாஸ்க், வைத்தியசாலை மாஸ்க் இரண்டிலும் அவர்களுடைய இரத்த ஒக்சிசன் சொல்லும்படி குறையவில்லை. அதே வருடம் ஜேர்மனியில் லைப்சிக் நகரில் 12 ஆண்களைச் சோதித்தபோது, தடித்த வடிகட்டி மாஸ்க் போட்டு உச்சக்கட்டம்வரை மிதிக்கையில் உடல் எடுக்கக்கூடிய ஒக்சிசனின் அளவு ஏறக்குறைய 13 சதவீதம் குறைந்தது. மாஸ்க் தடிக்கத் தடிக்க, வேலை கடுமையாகக் கடுமையாகத்தான் வித்தியாசம் தெரிகிறது.

ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் நோய்நொடி இல்லாதவர்கள், மிதித்ததும் சில நிமிடம்தான். நமது மலையில் இரத்தசோகையோடு காலை முதல் மாலை வரை கொழுந்தெடுக்கும் தாயை அவர்களோடு ஒப்பிட முடியாது. இரத்தசோகை உள்ளவருக்கு மாஸ்க் இல்லாமலே இதயம் வேகமாக அடிக்கிறது. அவருக்கும், முட்டு வருத்தம், இதய வருத்தம் உள்ளவருக்கும் அந்தச் சிறு சுமையும் பெரிதாகத் தெரியும்.

வெளியே விட்ட மூச்சில் கொஞ்சம் மாஸ்க்குக்குள் தங்கி, அடுத்த மூச்சோடு திரும்ப உள்ளே போகிறது. அதிலுள்ள கரியமில வாயு சிறிதளவு கூடினாலும் மூளை உடனே “இன்னும் வேகமாக மூச்சு விடு” என்று கட்டளை இடும். முகத்தில் சூடும் ஏறும். வியர்வையில் நனைந்துவிட்டாலோ துவாரமெல்லாம் நீரால் அடைபட்டுவிடும். கடுமையான உடற்பயிற்சியின்போது மாஸ்க் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதற்கு இந்த நனைவும் ஒரு காரணம். ஆகவே விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளை மாஸ்க்கோடு ஓட விட வேண்டாம்.

அதற்காகத் தூசியில் கழட்டிவிடலாமா? கூடாது. தேயிலைத் தூசி நமது சொந்த எதிரி. ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு அதனால் முட்டு வருத்தம் வருவதை நமது நாட்டு நெஞ்சுநோய் வைத்தியர் உரகொட 1970லேயே ஆங்கில வைத்திய சஞ்சிகையில் எழுதினார். சலிக்கும் அறையில் மாஸ்க் கட்டாயம் வேண்டும். மூச்சு முட்டினால் மாஸ்க்கைக் கழட்டாதீர்கள், வேலையின் வேகத்தைக் குறையுங்கள். அல்லது தூசி இல்லாத வெளி இடத்துக்கு வந்து, கழட்டி, நாலு மூச்சு ஆழமாக இழுத்துவிட்டுப் போங்கள். கங்காணிமாரும் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தேயிலை ஒன்றும் கெட்டுப்போகாது. நனைந்தால் மாற்றுவதற்கு இரண்டாவது மாஸ்க் ஒன்று மடியில் இருக்கட்டும்.

மருந்தடிப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். துணி மாஸ்க் மருந்தின் ஆவியைத் தடுக்காது. மருந்தில் நனைந்த துணியை வாயில் கட்டியிருப்பது விஷத்தையே மூக்கருகில் வைத்திருப்பது போல. அதற்கென்று வடிகட்டிக் குப்பி பொருத்திய கவசம் உண்டு, தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அதில் மூச்சு இழுப்பது இன்னும் கஷ்டம் என்பதால், முதுகில் 16 லீற்றர் பாரத்தோடு ஏறும் மேட்டைக் காலை வேளையில், வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

வேலையை நிறுத்திச் சற்று இருந்த பிறகும் மூச்சு அடங்காவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, இழுப்புச் சத்தம் கேட்டாலோ, உதடு நீலமாகத் தெரிந்தாலோ, மாஸ்க்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு லயத்தில் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே தோட்ட மருந்தகத்துக்குப் போய், என்ன வேலை செய்தீர்கள், என்ன தூசி, என்ன மருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.