பார் பார்த்தலும் கயிறு பிடித்தலும்

முத்துக் குளித்தல் என்றவுடன் நம்மவர் மனத்திலே தோன்றுவது, இடையிற் கூடை கட்டிக் காலடியிற் கல்லைப் பொருத்தி ஆழ்கடலினுட் பாய்கின்ற ஒருவனுடைய உருவமேயாம். அவ்வுருவம் பொய்யன்று. ஆயினும், அவன் பாய்வதற்குப் பல திங்கள் முன்னரே, பாயத்தக்க இடம் இது, காலம் இது என்று ஒருவர் கண்டு முடித்திருத்தல் வேண்டும். அங்ஙனம் கண்டு முடித்த பின்னரும், பாய்ந்தவன் உயிருடன் மீளுதற்குத் தோணியின்மேல் ஒருவன் விழித்திருத்தல் வேண்டும். இவ்விருவரையும் பற்றிப் பேசுவார் சிலரே. இராமநாதபுரக் கரையினின்று வந்து பயிலும் மாணவர் நம்முள் பலராதலின், அவர்தம் கடலைப் பற்றிய இப்பொருளை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

மன்னார்குடாக் கடலின் அடித்தளம் பெரும்பாலும் மணற்பரப்பு. அம்மணலினூடே ஆங்காங்குப் பாறைத் திட்டுக்கள் கிடக்கின்றன. இவையே பார் எனப்படுவன. முத்துச் சிப்பி இளம் பருவத்தில் நீரில் மிதந்து திரிந்து, பின்னர்ப் பட்டிழை போன்ற நார்களாற் பாரைப் பற்றிக்கொண்டு வாழ்வது. வெறும் மணலில் அதற்கு நிலைப்பு இல்லை. இப்பார்கள் கரையினின்று பல கல் தொலைவில், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உள்ளன. மேலே நின்று நோக்குவார்க்கு நீரன்றி வேறொன்றும் புலப்படாது. கரை தெரியும் இடங்களிற் கோபுரம், பனந்தோப்பு முதலியவற்றுள் இரண்டினை ஒரு நேர்கோட்டிற் பொருத்தி நோக்கியும், ஈயக்குண்டு இறக்கித் தரை மணலா கல்லா என்று உணர்ந்தும், இறுதியிற் குளிகாரன் ஒருவனை இறக்கிக் கைந்நிறைய அள்ளிவரச் செய்துமே இடத்தை அறுதியிட்டனர்.

இடம் கண்டாற் போதாது. சிப்பியின் பருவமும் அறியவேண்டும். மிக இளைய சிப்பியைத் திறந்தால் தூள்முத்தே கிடைக்கும். முதிரட்டும் என்று அளவு கடந்து காத்திருந்தாலோ, அது மூப்பினால் மடிந்து, முத்து மணலிற் புதைந்துபோம். இலங்கைக் கடலில் ஐந்தாண்டு அளவே தக்க பருவமெனக் கொண்டனர். ஆகவே ஒவ்வொரு பாரிலும் பல இடங்களிற் குளித்து, ஒரு முழுக்கில் எத்தனை சிப்பி வருகின்றது என்று எண்ணி, பாரின் பரப்போடு பெருக்கித் தொகையை மதிப்பிட்டனர். எடுத்த மாதிரிச் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, முத்துக்களைப் பெட்டி எனப்படும் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் வரிசையாக இட்டுச் சலித்தனர். முதற் பெட்டிக்கு 20 துளை, இறுதிப் பெட்டிக்கு 1000 துளை. பெருமுத்து மேலே தங்க, சிறுமுத்து கீழே இறங்கும். பின்னர் முத்து மதிப்போர் கூடி, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறும் என விலை கூறுவர். அவ்விலை தோணிச் செலவுக்கும் ஆட்செலவுக்கும் ஈடு செய்யுமாயின் மட்டுமே சலாபம் அறிவிக்கப்படும். புள்ளியியல் பயில்வார் மாதிரி எடுத்தல் என்று எழுத்தட்டையிற் கற்பதனை, எழுத்தறியாக் குளிகாரரும் நன்கு அறிந்திருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

இத்துணையும் செய்தும் ஏமாந்தவர் உண்டு. 1905-ஆம் ஆண்டில் இலங்கைப் பக்கத்துப் பார்களில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசினர்க்கு வந்த தொகை ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய். அவ்வெற்றியைக் கண்டு மயங்கிய ஒரு கம்பெனியார், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகை பேசி, 1906 முதல் 20 ஆண்டுக்கு அப்பார்களைக் குத்தகை கொண்டனர். 1907-க்குப் பின்னர்ப் பார்கள் வறண்டன. 1912-இல் கம்பெனியும் கலைந்தது. காரணத்தைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. அதே கடலில் ஆராய்ச்சி செய்த ஹெர்ட்மன் என்னும் அறிஞர், பெரிய பார் என்னும் திட்டிலே இளஞ்சிப்பிகள் பன்முறை கோடிக்கணக்காகப் படிந்தும், ஒருமுறையேனும் குளிக்கும் பருவம் எய்தாமலே அழிந்தமையை எடுத்துக் காட்டியுள்ளார். பருவக்காற்றின் அலை மணலை வாரி மூடும். திருக்கை முதலிய மீன்கள் மேய்ந்துவிடும். பார்த்த அன்று இருந்தது உண்மை. நாளையும் இருக்கும் என்பதற்கு எந்தச் சல்லடையும் பிணை நில்லாது. கம்பெனியார் ஓராண்டின் விளைவை இருபதாண்டிற்கு விரித்துக் கணக்கிட்டனர்!

நம் கரையிலும் இவ்வாறே வரவும் வறட்சியும் மாறி மாறி நிகழ்ந்தன. 1914-ஆம் ஆண்டிற் பாக்கு நீரிணைப் பக்கத்துத் தொண்டியிலே ஒரு சலாபம் நடைபெற்றது. சென்னை மீன்துறையைச் சார்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் அதனைக் குறித்து அறிக்கை வரைந்தார். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை குளித்தனர். அதன்பின் சலாபம் இல்லை. 1973-இல் தூத்துக்குடி ஆராய்ச்சிக் கூடத்திற் சிப்பியினுட் கரு வைத்து முத்து வளர்த்தெடுத்தமை வேறொரு வரலாறு.

இனி, குளிப்பவன் உயிரைப் பற்றிக் கூறுவோம். பண்டைக் கிரேக்க வணிகக் குறிப்பொன்று, பாண்டி நாட்டுக் கொற்கையில் முத்தெடுப்பவர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கின்றது. தொழிலின் கொடுமைக்கு இதனினும் சான்று வேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வந்த மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தாற் கட்டுவார்க்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதென எழுதினார். அரசனுக்கே பத்தில் ஒன்றுதான்! இவர்களைத் தமிழர் கடற்கட்டி என்றனர். பகலில் இட்ட கட்டினை இரவில் அவிழ்த்துவிடுவர் என்று அவர் கூறுவதிலே நமக்கு ஒரு சூழ்ச்சி தோன்றுகின்றது. கட்டவிழ்ந்த கடலிற் சுறாவுக்கு அஞ்சி இரவில் எந்தத் திருடன் இறங்குவான்? காசில்லாத காவல் இஃதன்றோ! சுறாவினால் நேர்ந்த விபத்து மிக அரிதென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை வரலாறு எழுதிய எமர்சன் டெனன்ட் குறித்துள்ளார். மெய்யான பகை வேறிடத்தில் இருந்தது.

அப்பகை நீரின் அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு, இருபதில் மும்மடங்கு. நெஞ்சினுள் அடைத்த காற்றும் அதற்கேற்பப் பாதியாகவும் மூன்றிலொன்றாகவும் சுருங்கும். காதினுட் காற்றைச் செலுத்திச் சமன் செய்யாதவன் செவிப்பறை கிழியும். குளிகாரன் கீழே இருப்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரமே. ஐந்து நிமிடம் பத்து நிமிடம் என்பனவெல்லாம் கதை. இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. ஆழத்தில் அழுத்தம் மிக்கிருத்தலால், குருதியிற் பிராணவாயு குறைந்தும் அறிவு தெளிவாகவே இருக்கும். மேலே வரவர அழுத்தம் தளர, எஞ்சிய வாயுவின் வலிமை திடீரெனக் குன்றி, நீர்மட்டத்திற்குச் சில முழம் கீழே அறிவு மயங்கும். ‘வந்துவிட்டேன்’ என்று அவன் எண்ணும் இடமே அவன் மூழ்கும் இடம்.

இங்கேதான் கயிறு பிடிப்பவன் வேண்டப்படுகின்றான். கல்லைக் கட்டிய கயிறு ஒன்று. கூடையைக் கட்டிய கயிறு மற்றொன்று. அடி சேர்ந்ததும் கல்லை மேலே இழுத்துக்கொள்வர். கூடைக்கயிறு அசைந்த கணமே தாமதமின்றி வலித்தெடுத்தல் வேண்டும். கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பர் என்று நெய்தல் மக்களிடை வழங்கும் வழக்கு யாவரும் அறிந்ததே. தன் தங்கை தாலியிழக்க எவன் இசைவான்? இருவர் ஒரு கல்லைப் பகிர்ந்து, ஒருவர் முழுக ஒருவர் இளைப்பாறுவர். விரைந்து இழு என்பதே கயிறு பிடிப்பானுக்குத் தந்தை மகனுக்குச் சொல்லிவந்த ஒற்றைப் பாடம்.

முத்துச் சலாபம் ஒழிந்தும் சங்கு குளித்தல் ஒழியவில்லை. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் முதலிய ஊர்களில் இது பரம்பரைத் தொழில். எடுத்த சங்கு வளையல் அறுப்பதற்கு வங்காளம் சென்றது. சங்கு பாரிற் கூட்டமாக ஒட்டியிராது. மணலில் தனித்தனியே புதைந்து ஊர்வது. ஆகையால் தேடுபவனும் எடுப்பவனும் ஒருவனே. கீழே நெடுநேரம் தங்க அவனுக்கு ஆசையுண்டாதல் இயல்பு. மன்னார்குடாக் கரையிற் சங்கு குளிப்போர் இக்காலத்தே தோணியிற் காற்றழுத்தும் பொறி வைத்து, நீண்ட குழாய் வழியே மூச்சு வாங்கிக் குளிக்கின்றனர். இதனை நாம் சற்றே நின்று கருதவேண்டும்.

பழைய குளிகாரன் மேலே அடைத்துக்கொண்ட ஒரு மூச்சோடு இறங்கினான். அக்காற்று சுருங்கி, மீண்டும் தன் அளவுக்கே விரிந்தது. ஆதலின் அவனை எவ்வளவு விரைவாக இழுத்தாலும் நுரையீரலுக்குக் கேடில்லை; விரைவே அவனைக் காத்தது. குழாயில் மூச்சு வாங்குபவனோ, அழுத்தமான காற்றை ஆழத்திலேயே நிறைத்துக்கொள்கின்றான். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து ஏறினால், இருபது மீட்டரில் நிறைந்த காற்று மேலே வந்ததும் மும்மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். நெடுநேரம் தங்கியவன் உடலிற் கரைந்த நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்தாற்போற் குமிழியாகி மூட்டிலும் தண்டுவடத்திலும் தங்கும், கால் விழுந்துபோம். தந்தை சொன்ன ‘விரைந்து இழு’ என்னும் பாடமே இங்கு மகனுக்குக் கூற்றாகின்றது. கருவி மாறிற்று, பாடம் மாறவில்லை. இதனைத் தொழிலாளரின் அறியாமை என்று பழிப்பார் உளர். பொறியை விற்றவர் பாடத்தையும் உடன் கொடுத்தாரா என்று நாம் கேட்கின்றோம்.

புதிய பாடம் நெடியதன்று. ஏறும்போது மூச்சை அடக்காது விட்டுக்கொண்டே வருக. நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறற்க. நீர்மட்டத்திற்கு ஐந்து மீட்டர் கீழே சில நிமிடம் தங்குக. பொறியின் காற்று வாங்கும் வாய் என்ஜின் புகையின் பக்கம் இருத்தலாகாது. அப்புகையிலுள்ள கரியின் நச்சுவாயு மணமற்றது, ஆழத்தில் அதன் கொடுமை பன்மடங்கு. மைத்துனன் இன்றும் வேண்டும். அவன் கை கயிற்றிலும் கண் பொறியிலும் இருக்கட்டும். குழாய் அடைபட்டாலோ பொறி நின்றாலோ முதலில் அறிபவன் அவனே. கரையேறிய சில நாழிகையில் மூட்டு நோவோ கால் மரப்போ கண்டால், எண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்துக் காலையிற் பார்ப்போம் என்றிருத்தல் ஆகாது. பிராணவாயு கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு அன்றே கொண்டுசெல்லவேண்டும்.

எங்கே இறங்கலாம் என்னும் அளவுக்கும் இன்று வரம்புண்டு. 1986 முதல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்கா. கடலட்டை எடுத்தல் 2001 முதல் குற்றம். பார் பார்க்கும் அனுபவமுடைய முதியோர் இக்கரையில் இன்னும் சிலர் உளர். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், அவர் கூறும் பார்களின் பெயரையும், அவற்றைக் காட்டும் கரை அடையாளங்களையும் ஒரு சுவடியில் எழுதிக்கொண்டு வருவாராயின், அவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட நாம் காத்திருக்கின்றோம்.