ஆரணியிலிருந்து அந்தமானுக்கு: முதல் தீவுப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

நீலக் கடல், வெள்ளை மணல், கடலைப் பார்த்த அறை. இதெல்லாம் சினிமாக்காரர்களுக்கும் தேனிலவு ஜோடிகளுக்கும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. தறி வைத்திருக்கும் குடும்பமும், அரிசி மண்டியில் கணக்கு எழுதுபவரும், பள்ளி ஆசிரியரும் ஒரு வருடம் திட்டமிட்டால் போய்வரலாம். வேண்டியது வரிசை. பாவு ஏற்றாமல் ஊடை போட முடியாது அல்லவா? பயணமும் அப்படித்தான். முதலில் மாதம், அடுத்து விமானம், பிறகு படகு, அதன் பின் அறை. பலர் அழகான அறையின் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டுத்தான் விமானம் தேடுகிறார்கள். வீண்செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாருங்கள், ஒவ்வொரு படியாகப் போவோம்.

எந்தத் தீவு?

நம் ஊரிலிருந்து யோசித்தால் மூன்று பெயர்கள் வரும்: மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான்.

மாலத்தீவுக்கு பாஸ்போர்ட் வேண்டும். விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே பெரும்பாலான ரிசார்ட்டுகள் தனித்தனித் தீவில் இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குப் போகும் படகுச் செலவு, சாப்பாடு, வரி எல்லாம் டாலர் கணக்கில் சேரும்.

லட்சத்தீவுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலும் கொச்சி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். இந்தியக் குடிமக்கள் முக்கியமான சுற்றுலாத் தீவுகளுக்குத் தனி அனுமதி இல்லாமல் போகலாம். சென்னையிலிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். கடைத்தெருவில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். முதல் தீவுப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எனவே அந்தமானையே எடுத்துக்கொள்வோம்.

எப்போது போவது?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடும் முன்பே, பெரும்பாலும் மே மூன்றாம் வாரத்தில், அந்தமானைத் தொட்டுவிடும். அதன் பிறகு செப்டம்பர் வரை மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம். டிசம்பர் பிற்பகுதியில் வானம் தெளியத் தொடங்கும்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, வேலை கொஞ்சம் தளர்வு, அறை வாடகையும் குறைவு, அப்போதே போய்வரலாமே என்று தோன்றும். வேண்டாம். அலை உயர்ந்தால் தீவுகளுக்கு இடையிலான படகை நிறுத்திவிடுவார்கள். காசு கொடுத்துப் போய் அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தறிக்காரர்களுக்கு நல்ல நேரம், ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும் இடைவெளி. பிப்ரவரி, மார்ச்சில் அந்த இடைவெளி எங்கே விழும் என்று முன்பே கணக்குப் பார்த்து, சேலை கொடுக்கும் முதலாளியிடமும் சொல்லிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், முழுப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசி வாரம். கட்டணம் சற்றுக் கூடும். ஆனால் மழைக்கு முன் திரும்பிவிடலாம்.

எவ்வளவு ஆகும்?

பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர்; ஏழு பகல், ஆறு இரவு. நடுத்தரமாகப் போனால் நாம் போடும் மாதிரிக் கணக்கு இது:

- ஆரணி–சென்னை விமான நிலையம், கார், போகவர: ரூ. 8,000
- விமானம், ஆளுக்கு போகவர ரூ. 14,000 வீதம்: ரூ. 56,000
- தனியார் படகு, மூன்று பயணம், ஆளுக்கு ரூ. 1,500 வீதம்: ரூ. 18,000
- அறை, இரவுக்கு ரூ. 3,500 வீதம்: ரூ. 21,000
- சாப்பாடு, நாளுக்கு ரூ. 2,000 வீதம்: ரூ. 14,000
- தீவுக்குள் டாக்சி, ஆட்டோ: ரூ. 12,000
- நுழைவுச்சீட்டு, சிறு படகு, கடல் விளையாட்டு: ரூ. 10,000

மொத்தம் ரூ. 1,39,000. இதன் மேல் பத்து சதவீதம் அவசரக் கையிருப்பு வைத்தால் ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும். விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் அந்த ஒரு வரியை மட்டும் பதிவு செய்யும் அன்று திருத்திக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகைக்காகத் தறி முன்பணத்தையோ நகைக்கடனையோ தொடாதீர்கள். ஒரு வருடச் சீட்டு போதும். சீட்டு எடுக்கும் மாதம், டிக்கெட் வாங்கும் மாதத்துக்கு முன்னால் வருமாறு பார்த்துக்கொண்டால் சரி.

எந்த வரிசையில் பதிவு செய்வது?

*முதலில் விமானம்.* இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்துவிடுவோம். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தேடும்போது ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் மற்றொன்றைப் போட்டுப் பாருங்கள்.

ஆதாரில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பக்கம் இனிஷியல்தான் சிக்கல். 'கடைசிப் பெயர்' கேட்கும் கட்டத்தில் அட்டையில் உள்ள இனிஷியலை, அல்லது அது விரித்து எழுதப்பட்டிருந்தால் அந்தப் பெயரைப் போடுங்கள். இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாம். ஆனால் டிக்கெட்டில் பெயர் சேர்க்க வேண்டும், வயதுச் சான்று கையில் இருக்க வேண்டும்.

*அடுத்து படகு.* ஹேவ்லாக் (ஸ்வராஜ் த்வீப்), நீல் (ஷாஹீத் த்வீப்) ஆகிய இரு தீவுகளுக்கும் பெரும்பாலும் படகில்தான் போக வேண்டியிருக்கும். மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் படகுகள் குளிர்சாதன வசதியுடன் வேகமாகப் போகும். அரசுப் படகில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் இடம் கிடைப்பது கடினம், நேரமும் கூடுதல். முதல் முறை போகிறவர்கள் தனியார் படகையே எடுத்துக்கொள்வது நிம்மதி.

*கடைசியாக அறை.* படகு நேரம் உறுதியான பிறகுதான் எந்த இரவு எந்தத் தீவில் என்பது தெரியும்.

சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. மாதத்துக்குச் சில முறைதான் புறப்படும். போய்ச் சேர மூன்று நாள் வரை ஆகும். நேரம் கையில் இருப்பவர்களுக்கு அது தனி அனுபவம். ஒரு வார விடுமுறைக்கு ஒத்துவராது.

ரிசார்ட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆறு இரவும் ரிசார்ட்டில் தங்கத் தேவையில்லை. ஊர் சுற்றும் நாட்களில் அறை தூங்குவதற்கு மட்டும்தான். ஹேவ்லாக்கில் தங்கும் இரண்டு இரவை மட்டும் கடற்கரை ரிசார்ட்டுக்கு ஒதுக்குவோம். இரவுக்கு ரூ. 10,000 என்று வைத்தால், மேலே போட்ட கணக்கோடு ரூ. 13,000 கூடும், வரி தனி.

பதிவு செய்யும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்.

1. சாப்பாட்டுத் திட்டம் என்ன? இ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலை உணவும் சேர்த்தி. எம்.ஏ.பி. என்றால் காலையுடன் இன்னொரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.
2. வரி சேர்ந்த விலையா? 2025 செப்டம்பர் 22 முதல், இரவு வாடகை ரூ. 7,500 வரை ஐந்து சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 200 ரூபாய் அல்ல, ஆயிரத்து இருநூறு.
3. படகுத் துறையிலிருந்து அழைத்துப் போவார்களா, நாமே வண்டி பிடிக்க வேண்டுமா?
4. படகு ரத்தாகி வர முடியாமல் போனால் பணம் திரும்புமா?

கிளம்பும் நாள்

ஆரணியிலிருந்து சென்னை விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்கு மேல். செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் விமானங்கள் பல அதிகாலையில் கிளம்பும். அந்த நேரத்துக்கு மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியிருக்காது. நள்ளிரவில் கார் எடுப்பது ஒரு வழி. முந்தைய இரவே சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது இன்னும் நல்ல வழி.

விமான நிலையத்தில் செய்ய வேண்டியவை வரிசையாக:

1. முந்தைய நாளே கைபேசியில் வெப் செக்-இன் முடித்துவிடுங்கள்.
2. டிக்கெட்டில் டி1 அல்லது டி4 என்று முனையம் குறித்திருக்கும். அதைப் பார்த்து இறங்குங்கள்.
3. புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன் உள்ளே போய்விடுவோம். ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள்.
4. பெரிய பையைக் கவுன்டரில் கொடுங்கள். பொதுவாக ஆளுக்கு 15 கிலோ. கைப்பைக்கு 7 கிலோ.
5. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஊறுகாய், எண்ணெய், கத்தரிக்கோல் எல்லாம் பெரிய பையில்.

தீவில் ஏழு நாள்

*முதல் நாள்:* போர்ட் பிளேரில் இறங்கி ஓய்வு. பிற்பகல் செல்லுலார் சிறை. 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது. மாலையில் அங்கேயே ஒலி-ஒளிக் காட்சி. வழக்கமாகத் திங்கட்கிழமை சிறை மூடியிருக்கும் என்பதால், அந்த நாளில் போய் இறங்காதபடி டிக்கெட் எடுங்கள்.

*இரண்டாம் நாள்:* காலைப் படகில் ஹேவ்லாக். மாலை ராதாநகர் கடற்கரை. 2004-ல் 'டைம்' இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டியது இதைத்தான். இந்தத் தீவுகள் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். அதனால் மாலை ஐந்தரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்கே போய் இடம் பிடிப்போம்.

*மூன்றாம் நாள்:* எலிஃபன்ட் கடற்கரை. முகமூடி மாட்டிக்கொண்டு மிதந்தபடியே பவளப்பாறையைப் பார்க்கலாம். ஆழத்தில் இறங்கும் ஸ்கூபாவுக்குப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சியாளர் கூடவே வருவதால் நீச்சல் தெரியாதவர்களும் இறங்கலாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது வலி இருப்பவர்கள் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

*நான்காம், ஐந்தாம் நாள்:* நீல் தீவு. பரத்பூர் கடற்கரை, லக்ஷ்மன்பூரில் உள்ள இயற்கைப் பாறைப் பாலம். கடல் உள்வாங்கும் நேரத்தில் போனால்தான் பாலத்தருகே நடக்க முடியும். நேரத்தை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் பிற்பகல் படகில் போர்ட் பிளேர் திரும்புவோம்.

*ஆறாம் நாள்:* வேண்டுமென்றே லேசாக விட்ட நாள். ராஸ் தீவு, வெற்றிமலை முருகன் கோயில், அபர்டீன் கடைத்தெரு. கடல் சரியில்லாமல் முந்தைய நாள் படகு நின்றிருந்தால், இந்த நாள்தான் நம்மைக் காப்பாற்றும்.

*ஏழாம் நாள்:* விமானம்.

என்ன எடுத்துப் போவது?

பருத்தி உடைகள், தொப்பி, வழுக்காத ரப்பர் செருப்பு, சன்ஸ்கிரீன், ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பட்டுச் சேலை வீட்டிலேயே இருக்கட்டும். உப்புக்காற்று ஜரிகைக்கு ஆகாது. படகில் குமட்டல் வருகிறவர்கள் மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படகு கிளம்பும் முன்பே போட வேண்டும்.

டிக்கெட், அறைப் பதிவு, ஆதார் எல்லாவற்றையும் காகிதத்தில் இரண்டு பிரதி எடுங்கள். 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணையம் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் சிறு தீவுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே ஓடாது. ஐந்தாறு ஆயிரம் ரொக்கமாகக் கையில் இருக்கட்டும்.

எச்சரிக்கை

*ஏஜென்ட் பேக்கேஜ்:* முழுப் பணம் கட்டும் முன் விமானத்தின் பி.என்.ஆர். எண்ணைக் கேளுங்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். விடுதிக்கு நீங்களே போன் செய்து உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் சரி என்றால் மட்டும் மீதிப் பணம்.

*ஒரே நாளில் படகும் விமானமும்:* கூடவே கூடாது. படகு தாமதமானால் நான்கு பேரின் டிக்கெட்டும் போய்விடும்.

*ஸ்கூபாவும் விமானமும்:* ஆழத்தில் இறங்கிய பிறகு 24 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. அதனால்தான் கடல் விளையாட்டை மூன்றாம் நாளில் வைத்தோம்.

*பவளமும் சங்கும்:* பிள்ளைகள் மணலில் பொறுக்கினாலும் அங்கேயே விட்டுவரச் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கும் இனங்கள் அவற்றில் உண்டு. விமான நிலையச் சோதனையில் பிடித்தால் வழக்கு.

*முதலை:* சில கடற்கரைகளில் உவர்நீர் முதலை வருவதுண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்க வேண்டாம்.

*ஜாரவா மக்கள்:* பாரடாங் போகும் சாலை அவர்களுடைய காட்டின் வழியே செல்கிறது. அங்கே வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், தின்பண்டம் கொடுப்பதும் குற்றம்.

இனி என்ன?

இன்று மாலையே ஒரு வேலை செய்யலாம். வீட்டில் உள்ள எல்லோருடைய ஆதாரையும் எடுத்துப் பெயர், பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் திருத்தக் கொடுங்கள். டிக்கெட் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதம் சீட்டில் சேருங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன் விமானம், இரண்டு மாதம் முன் படகு, அதே வாரத்தில் அறை. ஒரு வாரம் முன் எல்லாப் பதிவையும் போனில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அவ்வளவுதான். மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும்.