பார்மட் ஆகாத மெமரி கார்டு: காரணமும் கைமுறையும்



நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். என் வீட்டிலும் அப்படித்தான். டிப்ளமாவில் சேர்ந்த மறுநாளே தெருவில் நமக்கு "இஞ்சினியர் தம்பி" என்ற பட்டம் கிடைத்து விடுகிறது. மிக்ஸி ஓடவில்லை என்றாலும் நம்மிடம்தான், டி.வி. தெரியவில்லை என்றாலும் நம்மிடம்தான். அப்படி என்னிடம் அதிகமாக வந்த பொருள் மெமரி கார்டு. "பார்மட் ஆக மாட்டேங்குது, சரி பண்ணிக் குடு" என்பார்கள். இதற்கு ஒழுங்கான ஒரு வரிசை உண்டு. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது?

எஸ்.டி. கார்டை 1999-ல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. செல்போனில் போடும் மைக்ரோ எஸ்.டி. அதன் குட்டி வடிவம். நீளம் 15 மி.மீ., அகலம் 11 மி.மீ., தடிமன் 1 மி.மீ. அதற்குள் இரண்டு முக்கிய உறுப்புகள் உள்ளன. ஒன்று, தகவல் தங்கும் ஃபிளாஷ் நினைவகம். மற்றொன்று, அதைக் கட்டி மேய்க்கும் கண்ட்ரோலர்.

ஃபிளாஷ் செல்லில் தகவல் மின்னூட்டமாக அடைபட்டிருக்கிறது. எழுதி அழிக்க, எழுதி அழிக்க, அந்தச் செல்லின் மின்காப்புப் படலம் தேய்கிறது. கெட்ட பிளாக்குக்குப் பதிலாக உபரி பிளாக்கைக் கண்ட்ரோலர் மாற்றிக் கொடுத்துக் கொண்டே இருக்கும். உபரியும் தீர்ந்து விட்டால், பல கார்டுகளில் கண்ட்ரோலர் எழுதுவதை நிறுத்தி, படிக்க மட்டும் அனுமதிக்கும். பார்மட் செய்வதும் எழுதும் வேலைதானே! அதனால்தான் அது நடப்பதில்லை.

முதல் கேள்வி

கார்டைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியது, "இதுல உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருக்கா?" என்பதே. எங்கள் தெரு அத்தை ஒருவர், "போனு பார்மட் பண்ணச் சொல்லுது, பண்ணினா ஆகலை, பார்த்துக் குடுப்பா" என்று ஒரு கார்டைக் கொடுத்தார். நான் கேட்ட பிறகுதான், "மாமா பாடினது ஒண்ணு இருந்துச்சு. அது எங்க இருக்கப் போவுது" என்றார். மாமா இறந்து இரண்டு வருடம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ரீடர் வழியாகப் போட்டதும் கார்டு திறந்து கொண்டது, படிக்க மட்டும். பாட்டு அப்படியே இருந்தது. முதலில் அதைக் காப்பி எடுத்தேன். பார்மட் ஆகாமல் போனதால்தான் அது பிழைத்தது!

கோப்புகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கை விட வேண்டாம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தேடி எடுக்கும். எடுத்ததை அதே கார்டில் சேமிக்கக் கூடாது.

இனி வரிசை

1. பூட்டு: அடாப்டரின் பக்கவாட்டில் 'லாக்' என்ற சிறு தாழ்ப்பாள் இருக்கும். மைக்ரோ எஸ்.டி.யில் அது கிடையாது. அந்தத் தாழ்ப்பாளுக்கும் கார்டின் சர்க்யூட்டுக்கும் தொடர்பே இல்லை. அது நிற்கும் இடத்தை ரீடரில் உள்ள ஸ்விட்ச்தான் உணர்கிறது. தாழ்ப்பாள் லூசானால் திறந்த கார்டும் பூட்டியதாகத் தெரியும். வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள்.

2. தொடர்பு: தங்க நிறத் தொடுமுனைகளை உலர்ந்த சுத்தமான துணியால் மெதுவாகத் துடையுங்கள். வேறு ரீடர், வேறு யு.எஸ்.பி. போர்ட் மாற்றிப் பாருங்கள்.

3. ரீடரின் வயது: 2 ஜி.பி. வரை சாதாரண எஸ்.டி.; அதற்கு மேல் 32 ஜி.பி. வரை எஸ்.டி.எச்.சி.; அதற்கும் மேல் 2 டி.பி. வரை எஸ்.டி.எக்ஸ்.சி. பழைய ரீடர் புதிய வகையைப் புரிந்து கொள்ளாது. கார்டின் மேல் பழி போட வேண்டாம்.

4. பார்மட் வகை: 32 ஜி.பி. வரை ஃபேட்32, அதற்கு மேல் எக்ஸ்ஃபேட் என்பது பொதுவான முறை. பல விண்டோஸ் பதிப்புகளின் சாதாரண பார்மட் பெட்டி 32 ஜி.பி.க்கு மேல் ஃபேட்32 காட்டாது. அது கோளாறு அல்ல. எஸ்.டி. அசோசியேஷன் இதற்கென்றே இலவச பார்மட் மென்பொருள் தருகிறது.

5. டிஸ்க்பார்ட்: விண்டோஸில் இதைத் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, கொள்ளளவைப் பார்த்துக் கார்டின் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். எண் மாறினால் ஹார்டு டிஸ்க் காலி! 'செலக்ட் டிஸ்க்' செய்து, 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' கொடுக்கவும். பிறகு 'கிளீன்' செய்து, புதுப் பார்ட்டிஷன் போட்டு, பார்மட் செய்யலாம்.

6. போலி: உள்ளே குறைந்த கொள்ளளவு, வெளியே பெரிய எண் என்று விற்கும் கார்டுகள் உண்டு. எஃப்3 என்ற மென்பொருள் கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லி விடும்.

7. கடைசிச் சோதனை: காப்பி எடுத்த பிறகு, ஒரு கோப்பை அழித்து, கார்டை முறைப்படி 'எஜெக்ட்' செய்து, கழற்றி மாட்டுங்கள். அழித்த கோப்பு மறுபடி வந்து நிற்கிறதா? அப்படியானால் எழுதியது எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை. வேறு ரீடரிலும் இதே கதை என்றால் கண்ட்ரோலர் கதவைச் சாத்தி விட்டது. எந்த 'ரிப்பேர்' மென்பொருளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். புதுக் கார்டு வாங்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று

இப்படிப் பூட்டிக் கொண்ட கார்டை அழிக்கவும் முடியாது. குப்பையில் போட்டாலோ, கடையில் விட்டு வந்தாலோ, எடுத்தவர் கையில் அந்த வீட்டுப் படங்கள் அத்தனையும் போய்ச் சேரும். தங்கச்சி படம், அக்கா கல்யாணம் எல்லாம் இருக்கும். ஆகவே கார்டைக் கடைக்குக் கொடுக்காமல் உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். தூக்கிப் போடுவதானால், அவர் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். நாம் எடுத்து வைத்த காப்பியையும் அவரிடம் சேர்த்த பிறகு நம் கம்ப்யூட்டரிலிருந்து அழித்து விட வேண்டும். தெருவே நம்மை நம்பித்தான் கொடுக்கிறது நண்பர்களே!



— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை