எந்தத் தீக்கு எந்த வண்டி?

கடையில் தீப்பிடித்தால் 101-க்குப் போன் செய்கிறோம். சிவப்பு வண்டி வந்துவிடும், அதோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் சிவப்பு வண்டிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. எரிவது என்ன சரக்கு என்று நாம் சொன்னால்தான் அதற்கேற்ற வண்டி புறப்படும். ஆகவே இவற்றை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது அவசியம்.

1. தண்ணீர் வண்டி: முதலில் வருவது இதுதான். சாதாரணமாக 4,500 லிட்டர் கொள்ளும். பம்பு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,250 லிட்டர் இறைத்தால் இரண்டே நிமிடத்தில் டேங்க் காலி! ஒரே குழாயில் 450 லிட்டர் வீதம் அடித்தாலும் பத்து நிமிடம்தான். எனவே அடுத்த தண்ணீர் எங்கே என்பதே கேள்வி. இவ்வண்டியில் உறிஞ்சு குழாயும் உண்டு. செங்கல்பட்டில் கொளவாய் ஏரி இருக்கிறது. மாமல்லபுரத்தில் அவசரத்துக்குக் கடல்நீரும் உதவும். பிறகு பம்பை நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். கிணற்றில் நீர்மட்டம் சுமார் 7 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் வண்டிப் பம்பு இழுக்காது. அப்போது பக்கத்து விடுதியின் தரைத்தொட்டியே கை கொடுக்கும்.

2. நுரை வண்டி: எண்ணெய், மண்ணெண்ணெய், பெட்ரோல் தீக்கு உரியது. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, ஆவியாகி, எண்ணெயை நாலாபுறமும் வீசியெறியும். நுரையோ போர்வைபோல் மூடிக் காற்றைத் தடுக்கும்.

3. மீட்பு வண்டி: ஷட்டர், கம்பி அறுக்கும் கருவிகள், விளக்குகள், மூச்சுக் கருவி ஆகியவை இதில் இருக்கும். மிளகாய் மூட்டை எரியும் குடோனுக்குள் மூச்சுக் கருவி இல்லாமல் எவரும் நுழைய முடியாது.

4. ஏணி வண்டி: மாடிக் கட்டடங்களுக்கு. எல்லா நிலையங்களிலும் இது இருப்பதில்லை. நிற்பதற்கு அகலமான இடமும் வேண்டும்.

எந்த வண்டியானாலும் தெருவுக்குள் நுழைந்தால்தானே பயன்? லாரியின் அகலமே சுமார் எட்டரை அடி. கடை வாசலில் தட்டி, மூட்டை, சரக்கு இறக்கும் வண்டி என்று அடைத்து வைத்தால், வந்த வண்டி தெருமுனையிலேயே நிற்கும். கடற்கரையோரக் கீற்றுக் கடைகளில் கடற்காற்று தீயை அடுத்த கடைக்குக் கொண்டுபோக அதிக நேரம் ஆகாது. சென்னை ரங்கநாதன் தெருவில் 2008 செப்டம்பரில் பெரிய கடை ஒன்று எரிந்தபோது இரண்டு ஊழியர்கள் உயிரிழந்தனர். சரக்கை மறுபடி வாங்கலாம். மாடியில் படுத்திருக்கும் கடைப் பையனை எங்கே வாங்குவது?

கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டி வைப்போம். போனில் சொல்ல வேண்டியவை:

* தெரு, அடையாளம்
* எரியும் சரக்கு
* கேஸ் சிலிண்டர் எத்தனை
* உள்ளே ஆள் உண்டா
* அருகில் தண்ணீர் எங்கே

சொல்லிவிட்டு, முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, தெருமுனைக்கு ஓர் ஆளை வழிகாட்ட அனுப்புவோம்.