மணலுக்கு இன்னொரு சொந்தக்காரன்



சித்ரா பௌர்ணமி அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கஜேந்திர மோட்சம் நடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். யானை தப்பியதில் எல்லோருக்கும் சந்தோஷம். முதலையை யார் நினைத்தோம்? "நம்ம காவிரியில முதலையா? கதை விடாதே!" என்பீர்கள். காவிரியிலும் கொள்ளிடத்திலும் சதுப்பு முதலைகள் இன்றும் இருக்கின்றன.

தோலுக்காக வேட்டையாடியதில் இந்த இனம் அழியும் நிலைக்கு வந்தது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டில் முட்டைகளைச் சேகரித்து, பொரிக்க வைத்து, குட்டிகளை வளர்த்து, மறுபடி ஆற்றில் விடுவதுதான் வழி. ஆனைமலை அடிவாரத்தில், உடுமலை அருகே அமராவதி அணைக் கரையோரம் இப்படி முட்டைகள் எடுத்தார்கள். அந்த அமராவதிதான் கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்ந்து நம்ம ஊருக்கு வருகிறது. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை அமைத்தார்.

சேகரிப்பில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். தாய் முதலை மணல் கரையில் குழி தோண்டி இருபது, முப்பது முட்டை இட்டு மூடிவிடும். எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அங்கே பென்சிலால் குறி போட வேண்டும். கரு ஓட்டின் மேல்புறம் உள்ளே ஒட்டியிருக்கும். கோழி முட்டை மாதிரி உருட்டினால் செத்துப்போகும். அடுத்தது வெப்பம். 31 டிகிரியும் அதற்குக் கீழும் என்றால் பெண் குட்டிகள், 32.5 டிகிரியை ஒட்டினால் பெரும்பாலும் ஆண். இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்களே, உங்கள் தெர்மோஸ்டாட் ஒன்றரை டிகிரி தவறினால் போதும், கதையே மாறிவிடும்! (யாரும் முயற்சி செய்ய வேண்டாம், அனுமதியில்லாமல் முட்டையைத் தொடுவதே குற்றம்.)

திட்டம் ஜெயித்தது, குட்டிகள் பெருகின. பிரச்சனை அப்புறம்தான். விடுவதற்குத் தகுந்த ஆறு போதவில்லை. 1990-களில் விடுவதே நின்றுபோனது. பண்ணையில் இடமும் போதாமல், 2022-ல் சென்னைப் பண்ணையின் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி கொடுத்தார்கள்.

நான் படிப்பது சிவில். எங்களுக்கு மணல் என்றால் யூனிட், லோடு, கலவை. முதலைக்கு அதே மணல்தான் இன்குபேட்டர். லாரி அள்ளிப் போன கரையில் அது எங்கே முட்டையிடும்? முட்டையைப் பொரிக்க மெஷின் இருக்கிறது. கரையை உண்டாக்க மெஷின் இல்லை. நாளைக்கு ஆற்றங்கரையில் லெவல் கருவி வைத்து நிற்கப்போவது நம்மில் சிலர்தான். எஸ்டிமேட் போடும்போது, அந்த மணலுக்கு இன்னொரு சொந்தக்காரனும் உண்டு என்று கொஞ்சம் நினைத்துக்கொள்வோமா?