சீழ் வைத்த எலும்பு ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: முன்கை எலும்பு முறிந்து பிளேட் வைத்து 9 மாதம் ஆகிறது. சீழ் வடிகிறது, எலும்பு ஒட்டவில்லை. இரண்டு ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். மாத்திரையிலேயே தீராதா?

பதில்: தீராது. பிளேட்டின் மேல் கிருமிகள் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். மருந்து அதைத் துளைத்துப் போவது கடினம். செத்துப்போன எலும்புத் துண்டுக்கோ ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? அதனால்தான் மாத்திரை சாப்பிடும்வரை அடங்கியிருக்கும் சீழ், நிறுத்தியதும் மறுபடி வடிகிறது. முதல் ஆபரேஷனில் பிளேட்டை எடுத்து, செத்த எலும்பை ரத்தம் கசியும் இடம்வரை செதுக்கி, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டை அந்தக் குழியில் வைப்பார்கள். பிரான்ஸ் நாட்டு டாக்டர் மாஸ்கெலே வகுத்த முறை இது. 6 முதல் 8 வாரத்தில் சிமென்ட்டைச் சுற்றி, ரத்தநாளம் நிறைந்த ஒரு சவ்வை உடலே வளர்த்துவிடும். பிறகு சிமென்ட்டை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளை அந்தச் சவ்வுப் பைக்குள் நிரப்பிப் புதுப் பிளேட் பொருத்துவார்கள்.

ஒரே தடவையில் முடிக்கக்கூடாதா என்பீர்கள். தொற்று குறைவாக, இடைவெளி சிறிதாக இருந்தால் அப்படிச் செய்வதுண்டு. சீழ் வடியும் குழியில் வைத்த எலும்போ கிருமிக்கே இரையாகும். எலும்பைக் குறுக்கி ஒட்டவைப்பதும் முன்கைக்கு ஆகாது. முன்கையின் இரண்டு எலும்புகளில், அல்னாவைச் சுற்றி ரேடியஸ் திரும்புவதால்தான் உள்ளங்கையைத் திருப்பிச் சோறு அள்ளுகிறோம். ஒன்று குட்டையானால் மணிக்கட்டு கோணும். எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குத் திசு எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். புகைபிடிப்பவரானால் இன்றே விட்டுவிடுங்கள்.