டிரிப்பர் ஏன் விழுகிறது? பஞ்சர் கடையில் ஒரு மின்னியல் பாடம்

பத்தாம் வகுப்பில் மின்திறன் கணக்குகளை முடித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த கருவி ஒன்றின் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். பெரும்பாலான நோட்டுகளில் மின்விசிறி, மிக்சி, அயர்ன் பாக்ஸ். ஒரு மாணவன் மட்டும் தன் அப்பாவின் பஞ்சர் கடைக் காற்று கம்ப்ரசரை எழுதியிருந்தான். 1.5 குதிரைத்திறன் மோட்டார். அதாவது 1119 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்து 4.9 ஆம்பியர் என்று விடை. டிக் போட்டேன். அவன் நகரவில்லை.

“சார், அஞ்சு ஆம்பியர்கூட வரல. எங்க கடையில இருக்கிறது 16 ஆம்பியர் டிரிப்பர். அப்புறம் ஏன் சார் விழுந்துக்கிட்டே இருக்கு? எலக்ட்ரீசியன் அண்ணன் 32 போட்டுடலாம்னு சொல்றாரு.”

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. மாலை வருகிறேன், அதுவரை எதையும் மாற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல் என்றேன்.

கடையில் முதலில் பார்த்தது மோட்டாரின் பெயர்ப்பலகையை. அதில் 8 ஆம்பியர் என்று இருந்தது. நாம் வகுப்பில் விட்டுவிடும் செய்தி இங்கே இருக்கிறது. குதிரைத்திறன் என்பது மோட்டார் வெளியே தரும் வேலையின் அளவு. உள்ளே வாங்கும் மின்சாரத்தின் அளவு அன்று. வெப்பமாகவும் உராய்வாகவும் போவதையும், மாறுதிசை மின்னோட்டத்தில் வரும் திறன் காரணியையும் சேர்த்தால் 4.9 என்பது 8 ஆகிவிடுகிறது. திறன் காரணியை விளக்கப் பத்தாம் வகுப்பில் இடமில்லை. ஆனால் “பெயர்ப்பலகையைப் படி” என்று சொல்ல இடமுண்டு.

8 என்றாலும் 16-ஐத் தாண்டவில்லையே? அடுத்த செய்தி: நிற்கும் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குவதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். இங்கே குறைந்தது 40 ஆம்பியர். மோட்டார் ஒரு நொடிக்குள் வேகம் பிடித்துவிட்டால் டிரிப்பர் அதைப் பொறுத்துக்கொள்ளும். அதனுள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைய நேரம் வேண்டும். குறுக்குச்சுற்றில் வருவது போன்ற மிகப் பெரிய மின்னோட்டத்துக்குத்தான் உள்ளே உள்ள மின்காந்தச் சுருள் நொடியில் இழுத்துத் துண்டிக்கும்.

ஆகவே “விழுகிறதா” என்பதைவிட “எப்போது விழுகிறது, எவ்வளவு நேரம் கழித்து” என்பதுதான் கேள்வி. மாணவனிடம் ஒரு வேலை கொடுத்தேன். இரண்டு நாள், ஒவ்வொரு முறை மோட்டார் கிளம்பும்போதும் தொட்டியின் அழுத்தமானி காட்டும் அளவு, கேட்ட சத்தம், டிரிப்பர் விழுந்ததா ஆகிய மூன்றை மட்டும் எழுத வேண்டும். எதையும் தொடக்கூடாது, பார்ப்பதும் கேட்பதும் எழுதுவதும் மட்டுமே. இந்த நிபந்தனையை ஆசிரியர்கள் தளர்த்தவே கூடாது.

அவன் குறிப்பிலேயே விடை வந்துவிட்டது. காலையில் தொட்டி காலியாக இருக்கும்போது ஒருமுறைகூட விழவில்லை. 120 பவுண்டு ஏறி நின்று, காற்றுச் செலவாகி 90-க்கு இறங்கி மறுபடி கிளம்பும்போதுதான் பத்து இருபது நொடி ‘உம்’ என்று உறுமிவிட்டு விழுந்தது. “நிக்கும்போது புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும்னு அப்பா சொல்றாரு, இப்ப அது வரதில்ல” என்றும் எழுதியிருந்தான்.

அந்த ‘புஸ்’தான் விஷயம். மோட்டார் நின்றதும், பம்பின் தலைக்கும் தொட்டிக்கும் நடுவே குழாயில் அடைபட்ட காற்றை பிரஷர் சுவிட்சோடு இணைந்த அன்லோடர் வால்வு வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் அடுத்த முறை சுமையின்றிக் கிளம்பும். இங்கே அந்த மெல்லிய குழாய் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் சேர்ந்து அடைத்திருந்தது. மோட்டாரால் சுழல முடியவில்லை. 40 ஆம்பியரை இழுத்தபடி நின்ற இடத்திலேயே உறுமியது. மெக்கானிக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரைமணி ஆனது. (புஸ் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கோளாறு நான்-ரிட்டன் வால்வில், தொட்டிக் காற்றே திரும்பி வருகிறது. தொட்டி காலியாக இருந்தும் போட்ட உடனே விழுந்தால் அது மின்கசிவோ குறுக்குச்சுற்றோ. அதை எலக்ட்ரீசியன்தான் பார்க்க வேண்டும்.)

இப்போது அந்த 32-க்கு வருவோம். 40 ஆம்பியர் என்பது 16-க்கு இரண்டரை மடங்கு. அதனால் டிரிப்பர் சில நொடிகளில் விழுந்தது. 32-க்கு அது ஒன்றேகால் மடங்குதான்; ஒரு மணி நேரம்கூட விழாமல் இருக்கலாம். அதற்குள் மோட்டாரின் காயில் கருகிவிடும், ஒயர் உருகிவிடும். டிரிப்பர் காப்பது ஒயரை. அதன் அளவை ஒயரின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு மோட்டாருக்கு நானே பெரிய டிரிப்பர் போடச் சொல்லியிருக்கிறேன்.

கடையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. கம்ப்ரசருக்கு 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர், 1 சதுர மில்லிமீட்டர் தாமிரம். போக வர 40 மீட்டர். தன்மின்தடைச் சூத்திரத்தைக் கரும்பலகையில் போட்டோம்: தாமிரத்துக்கு 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர் என்று கொண்டால் மின்தடை 0.68 ஓம். 40 ஆம்பியர் பாயும்போது ஒயரிலேயே 27 வோல்ட் போய்விடுகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 203. கிளம்பும் திருகுவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். கிட்டத்தட்ட கால்பங்கு போச்சு. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இது. ஒயரைக் குறைத்துக் காற்றுக்குழாயை நீட்டினால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான தீர்வு அதுதான். கம்ப்ரசர் இப்போது பிளக் அருகே இருக்கிறது, நீளமான ரப்பர் குழாய் வாசலுக்கு வருகிறது.

மின்வெட்டின்போது மட்டும் இன்னும் ஒரு கவனம் தேவை. ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் அன்லோடர் திறக்காது. பிரஷர் சுவிட்சின் குமிழை ஒருமுறை அணைத்து, புஸ் சத்தம் கேட்ட பிறகே மறுபடி போட வேண்டும். இதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது மாணவன்தான்.

அடுத்த வாரம் அவன் நோட்டில் 4.9-க்குப் பக்கத்தில் 8, 40 என்று இரண்டு எண்கள் கூடுதலாக இருந்தன. இன்னொரு டிக் போட்டேன்.